ஒன்றரை ஏக்கர் லானும் ஒரு புல் வண்டியும்

அண்ணன் மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். மூன்றும் உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டிகள். ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு, ஒன்று சிவப்பு. கீழே ஒரே ஒரு வரி: "சித்தப்பா, இதுல எது வாங்கலாமுங்க?"

அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பத்திரண்டு வருஷம் டீசல் வாசத்தோடு வாழ்ந்தவன் நான். ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டாலும், சொந்தத்தில் யார் எந்த மெஷின் வாங்கினாலும், மாவரைக்கும் கிரைண்டரில் இருந்து டிராக்டர் வரைக்கும், என்னை ஒரு வார்த்தை கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தங்களுக்குப் பிடித்ததை வாங்குவார்கள். அது வேறு கதை. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். வெளிநாட்டில் இருந்து திரும்பும் பிள்ளைகள் காட்டுக்குள் வீடு கட்டி லான் போடுவது நம் பக்கம் இப்போது அதிகமாகி வருகிறது. உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரலாம்.

முதலில் இடத்தைச் சொல்லி விடுகிறேன். புதுச்சத்திரம் பக்கம் எங்கள் பாட்டன் காலத்து மேட்டாங்காடு, நாலு ஏக்கர். பாட்டன் கடலையும் ராகியும் போட்டார். அப்பா மரவள்ளி போட்டார். அண்ணன் கொஞ்ச நாள் கோழிப்பண்ணை நடத்திப் பார்த்தார். மகன் அமெரிக்காவில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து, நடுவில் வீடு கட்டி, வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் லான் போட்டிருக்கிறான். மீதியில் தென்னையும் வேம்பும்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள். எழுபத்தாறு வயது அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "இதுல கடலக்கொடி போட்டிருந்தா நாலு மாட்டுக்கு ஆயிருக்கும்." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

மழை பிடித்துவிட்டால் லான் வெட்ட இரண்டு ஆள் பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வேலை செய்கிறார்கள். கூலி, பெட்ரோல், சத்தம். அடுத்த வாரம் மறுபடியும். ஆள் வராத வாரம் புல் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. அலுத்துப்போய்த்தான் அவன் இந்த வண்டிக்கு வந்திருக்கிறான். அவன் தொல்லை நிஜமான தொல்லை. அதை நான் மறுக்கவில்லை.

அவன் கேட்ட வண்டிக்கு ஜீரோ டர்ன் என்று பெயர். நின்ற இடத்திலேயே திரும்பும் என்பதால் அந்தப் பெயர். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும். இரண்டையும் முன்னால் தள்ளினால் நேராகப் போகும். இரண்டையும் பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். ஒன்றை முன்னாலும் மற்றொன்றைப் பின்னாலும் வைத்தால் பம்பரம் மாதிரி நின்ற இடத்தில் சுற்றும். முன்னால் இருக்கும் இரண்டும் வெறும் உருளைச் சக்கரங்கள்தான், ஆபீஸ் நாற்காலிக்கு அடியில் இருக்கிற மாதிரி. இழுத்த பக்கம் போகும்.

நம் தலைமுறைக்கு இது புதிதே இல்லை. ஏர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வரப்பு முனையில் வந்து ஒரு மாட்டைப் பிடித்து நிறுத்தி, மற்றதைத் தட்டி விட்டால் ஏர் அங்கேயே திரும்பிவிடும். டிராக்டரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் வைத்திருப்பதும் அதற்குத்தான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் ரீகியர் என்பவர் 1960களில் இதே யுக்தியைப் புல் வெட்டும் வண்டிக்குக் கொண்டு வந்தார். இப்போது ஜான் டீர், ஹஸ்க்வர்னா, டோரோ என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் இதைச் செய்கின்றன.

புல் வெட்டும் மெஷினின் பூர்வீகமே நம் ஊர்க்காரர்களுக்குப் பக்கத்துச் சொந்தம். 1830ல் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊரில் எட்வின் படிங் என்பவர்தான் முதல் மெஷினைச் செய்தார். அந்தப் பக்கம் முழுக்கத் துணி மில்கள். நெய்த கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை உருளைக் கத்தியால் சீவி எடுக்கும் மெஷினைப் பார்த்துவிட்டு, துணியைச் சீவுவது போலப் புல்லையும் சீவினால் என்ன என்று யோசித்திருக்கிறார். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்.

நான் இந்த வண்டியை ஓட்டியும் இருக்கிறேன். 2018ல் மகன் வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர், என்னைப் போலவே ஓய்வு பெற்றவர், "வா, ஓட்டிப் பார்" என்று உட்கார வைத்தார். முதல் ஐந்து நிமிஷம் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. குடித்தவன் சைக்கிள் மாதிரி வளைந்து வளைந்து போனது. பிறகு கை பழகியது. மரத்தைச் சுற்றி ஒரு வட்டம், வேலி ஓரம் ஒரு கோடு, முனையில் ஒரு சுழற்சி. சின்னப் பையன் மாதிரி சந்தோஷமாக இருந்தது. அவருடைய இரண்டு ஏக்கரை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு இருவரும் டீ குடித்தோம். ஆகவே இந்த வண்டி மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. அந்த இடத்துக்கு அது சரியான வண்டி. வருஷத்தில் பாதிக்கு மேல் புல் வளர்கிறது, நிலம் மேஜை மாதிரி இருக்கிறது, அரை மணி தூரத்தில் ஸ்பேர் கிடைக்கிறது, கூலிக்கு ஆள் கட்டுபடியாகாது, புல் ஓர் அடிக்கு மேல் வளர்ந்தால் பல நகரங்களில் நோட்டீஸ் வந்துவிடும். வாங்கியே ஆக வேண்டும்.

நம் காட்டுக்கு எப்படி? நான் அவனுக்குப் பதில் எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நிலத்தை நடந்து பார்த்தேன். பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நடந்து தள்ளும் மெஷின் பொதுவாக 21 அங்குல அகலம் வெட்டும். வரிக்கு வரி கொஞ்சம் மேலே ஏற்றி வெட்ட வேண்டும் என்பதால் கைக்கு வருவது 19 அங்குலம். ஒரு ஏக்கரை அதில் வெட்ட எட்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். ஒன்றரை ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், நாலு மணி நேரம். அதைத் தளதளவென்று வளரும் ஐப்பசி மாதத்தில் வாரா வாரம் யார் நடப்பார்கள்? 42 அங்குல ஜீரோ டர்ன் என்றால் அதே ஒன்றரை ஏக்கர் ஒண்ணே கால் மணி நேரத்தில் முடியும். இது வரைக்கும் அவன் பக்கம்தான் நியாயம்.

இரண்டாவது, நிலத்தின் சரிவு. இந்த வண்டியின் பலமே அதன் பலவீனம். முன் சக்கரத்தில் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரம் இரண்டின் பிடிப்பை நம்பித்தான். ஈரப்புல்லில் அந்தப் பிடிப்பு விட்டால் வண்டி சரிவு இழுத்த பக்கம் போகும், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதே என்று கம்பெனிக்காரர்களே புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள். சிலர் பத்து டிகிரியோடு நிறுத்தச் சொல்கிறார்கள். 15 டிகிரி என்றால் நாலு அடிக்கு ஒரு அடி ஏற்றம். கொத்தனாரின் ரசமட்டமும் நாலடிப் பலகையும் இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். பலகையின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, ரசமட்டம் சமமாகும் வரை மறுமுனையைத் தூக்கி, அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு அடியை நெருங்கினால் அந்த இடத்துக்கு இந்த வண்டி ஆகாது.

எங்கள் காடு பொதுவாகச் சமம்தான். வடகிழக்கு மூலையில் பழைய கிணறு இருக்கிறது. அந்தக் காலத்தில் கவலை இறைத்த கிணறு. மாடுகள் இறங்கிப் போய் இழுத்த சரிவு இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்தச் சரிவிலும் புல் போட்டிருக்கிறான், அழகுக்காக. சரிவின் மேல் முனையில் கிணறு. கிணற்றுச் சுவர் ஒரு பக்கம் இடிந்து முழங்கால் உயரம்கூட இல்லை.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும். என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன், நல்ல டிராக்டர் டிரைவர். 1993ல் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிணற்று மேட்டில் டிராக்டரைத் திருப்பும்போது பின் சக்கரம் விளிம்பில் இறங்கி, டிராக்டரோடு கிணற்றுக்குள் போய்விட்டான். பணிமனையில் கிரேன் இருக்கிறதே என்று என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்குப் பத்து வருஷ அனுபவம். அது அவன் தினமும் ஓட்டிய வண்டி. கிணற்றுக்குச் சுவர் மட்டும் இல்லை. அன்றிலிருந்து சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் எந்த வண்டி போனாலும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

ஜீரோ டர்னில் இன்னொரு ஆபத்து. நின்ற இடத்தில் சுழலும்போது முன்பக்கம் ஒரு வீச்சாக வெளியே வீசும். கிணற்று விளிம்பில் நின்று சுழற்றினால் முன் சக்கரம் இரண்டும் வெற்றிடத்தின் மேல் போகும். மேலும் இதற்குக் கால் பிரேக் இல்லை. நெம்புகோலை நடுவுக்கு இழுத்தால்தான் நிற்கும். பயந்த மனுஷன் என்ன செய்வான்? கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்வான். முன்னால் தள்ளினால் இதில் வேகம் கூடும்.

மூன்றாவது, ஓட்டப்போவது யார்? இதுதான் நம் ஊரில் யாரும் கேட்காத கேள்வி. அங்கே வாங்குபவனே ஓட்டுபவன். இங்கே வாங்குபவன் ஒருத்தன், ஓட்டுபவன் வேறொருத்தன். அண்ணன் மகன் வாரத்தில் நாலு நாள் பெங்களூரில் இருக்கிறான். வண்டியில் ஏறப்போவது பண்ணையம் பார்க்கும் பெரியவர். அறுபத்திரண்டு வயது. மாட்டு ஏர் ஓட்டியவர், நல்ல கை. ஆனால் இங்கிலீஷில் இருக்கும் எச்சரிக்கை ஸ்டிக்கரை அவரால் படிக்க முடியாது. முதலாளி லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டி என்பதால், "இந்தச் சரிவுல ஓட்ட மாட்டேனுங்க" என்று சொல்லவும் மாட்டார். சொல்லாமல் ஓட்டுவார். நாம் ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் இன்னொருவருடைய உயிரைக் கையில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கிறோம். பணிமனையில் நான் கற்ற பாடம் இது ஒன்றுதான் என்றே சொல்வேன்.

கல்லையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் மண்ணில் சுக்காங்கல் எவ்வளவு பொறுக்கினாலும் அடுத்த மழைக்கு மேலே வந்துவிடும். இந்த மெஷின்களின் கத்தி முனை மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சுழல்கிறது. அதில் கோலிக்குண்டு அளவு கல் பட்டாலும் துப்பாக்கிக் குண்டுதான். பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள். எந்த மெஷின் வாங்கினாலும் வெட்டும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மடியில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டும் ஆசை வேண்டவே வேண்டாம்.

நாலாவது, ரிப்பேர். இரண்டு ஹைட்ராலிக் யூனிட்டில் ஒன்று போனால் வண்டி ஒரே பக்கம் சுற்றும், அவ்வளவுதான். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எங்கே இருக்கிறார்? நாமக்கல்லில் லாரியை எலும்புக்கூடாக்கித் திரும்பக் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டில் ரிக் வண்டியின் ஹைட்ராலிக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்பேர் வேண்டுமே. சொந்தத்தில் ஒருவர் வெளிநாட்டுக் களையெடுக்கும் மெஷின் வாங்கினார். கியர் பாக்ஸில் ஒரு சின்னச் சாமான் போனது. கடைக்காரர் "வந்துடும் சார், வந்துடும் சார்" என்று நாலு மாதம் ஓட்டினார். மெஷின் கோழி அடையும் இடமானது. ஆகவே கொட்டேஷன் வாங்கும்போது ஒரு காகிதத்தில் எழுதிக் கேளுங்கள்: கத்தி, கத்தியைச் சுற்றும் நீள பெல்ட், ஸ்பிண்டில், பேரிங், வீல் மோட்டார், இவை ஐந்தும் உங்கள் கடையில் இன்றைக்கு இருக்கிறதா? "ஆர்டர் போட்டா வரும்" என்பது "இல்லை" என்பதற்கு மரியாதையான பதில்.

கடைசியாகத் தண்ணீர். மெஷினுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் மகனும் கேட்டான். சம்பந்தம் இருக்கிறது. பெரிய வண்டி வாங்கிவிட்டால் அதற்கு வேலை கொடுப்பதற்காகவே லானைப் பெரிதாக வைத்திருப்போம். சித்திரை, வைகாசி வெயிலில் புல் பச்சையாக இருக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் வேண்டும். ஒரு ஏக்கருக்கு அது ஏறத்தாழ 20,000 லிட்டர். ஒன்றரை ஏக்கருக்கு 30,000. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரி தினமும் இரண்டரை. எங்கள் போர் 900 அடி. பங்குனியிலேயே காற்றைக் கலந்து கக்குகிறது. பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஆட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் தேடும்போது நாம் புல்லுக்கு மூன்று லாரித் தண்ணீர் விட்டால், யாரும் வாயால் கேட்க மாட்டார்கள். கண்ணால் கேட்பார்கள்.

கேட்டவர் ஒருவர் உண்டு. நான் நடந்து பார்த்த அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா நின்றிருந்தார். எட்டு வெள்ளாடு வைத்திருக்கிறார். முன்பெல்லாம் எங்கள் வரப்பில்தான் புல் அறுத்துக்கொண்டு போவார். "ஏனுங்கய்யா, இத்தன புல்ல வெட்டி எங்க கொட்டறாங்க?" என்று கேட்டார். ரோட்டோரம் குவித்துக் காய்ந்ததும் கொளுத்துகிறார்கள். கொடுக்கலாமே என்றால், களைக்கு மருந்து அடித்திருக்கிறது, ஆட்டுக்குக் கொடுக்க முடியாது. அதோடு மெஷினில் நறுங்கிய புல் சீக்கிரம் சூடேறிப் புளித்துவிடும். அது கால்நடைக்கு ஆகாது. அரிவாளால் அறுத்த புல்தான் தீவனம். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்படியானால் என் முடிவு என்ன? மெஷினைத் தேர்ந்தெடுக்கும் முன் லானின் அளவைத் தேர்ந்தெடு என்பதுதான்.

வீட்டு முன்னால் பிள்ளைகள் விளையாட, சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார, விருந்தாளி வந்தால் பந்தி வைக்க நாற்பது சென்ட் தாராளம். கடையில் விற்கும் கொரியன் புல்லை விட்டுவிடு. டெக்சாஸில் பெர்முடா கிராஸ் என்று காசு கொடுத்து வளர்க்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல். பிள்ளையாருக்கு வைக்கிறோம், காட்டில் கண்டால் பிடுங்கி எறிகிறோம். வெயில் தாங்கும், மிதி தாங்கும், காய்ந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும். நம் நாட்டுக் கிரிக்கெட் மைதானங்களிலும் இந்த இனம்தான் பெரும்பாலும். கோடையில் பழுப்பாகட்டும் என்று விட்டுவிடும் மனசு மட்டும் வேண்டும்.

நாற்பது சென்ட் என்றால் எல்லாக் கணக்கும் மாறிவிடுகிறது. தண்ணீர் நாளைக்கு 8,000 லிட்டர், அதுவும் பச்சையாகத்தான் இருக்க வேண்டுமென்றால். வெட்டுவதற்கு 21 அங்குலத்தில், தானே நகரும் நடை மெஷின் போதும். தள்ள வேண்டாம், பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் போதும். மூணேகால் கிலோமீட்டர், ஒரு மணி நேரம். டாக்டர் நம்மை நடக்கச் சொல்லும் தூரம்தான் அது. விலை சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும். இன்ஜினை நாமக்கல்லில் எந்த மெக்கானிக்கும் பிரிப்பார். கைப்பிடியை விட்டால் கத்தி தானாக நிற்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். அது இல்லாத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஓரங்களுக்கு இருக்கிற பிரஷ் கட்டரே போதும், கத்திக்குப் பதில் நைலான் கயிறு போட்டு. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாமல் இருந்தால் எந்த மெஷினும் நீடித்து உழைக்கும், புல்லும் காயாது.

மீதி ஒரு ஏக்கர் பத்து சென்டுக்கு என் யோசனை கொழுக்கட்டைப் புல். காங்கேயம், மூலனூர், கரூர் பக்கம் கொறங்காடு என்று கிளுவை வேலி போட்டு, வெள்வேல் மரம் விட்டு, இந்தப் புல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சாமல் மழையில் வளரும். மேய்க்க நம் பக்கத்து மேச்சேரிச் செம்மறியைவிட வேறென்ன வேண்டும்? அதற்கென்றே பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தேகம் கேட்க நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆடு பெல்ட் கேட்காது, பெட்ரோல் கேட்காது. சொந்தமாக ஆடு வளர்க்கப் பிடிக்கவில்லை என்றால், மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டு, அந்த அம்மாவை அரிவாளோடு உள்ளே விட்டால் போதும். புல் வெட்டிய மாதிரியும் ஆகும், எட்டு ஆட்டுக்குத் தீவனமும் ஆகும்.

"அப்ப ஜீரோ டர்னே வேண்டாங்கறீங்களா?" என்றான். அப்படியும் சொல்லவில்லை. வாழப்பாடி பக்கம் 2020ல் திறந்த கிரிக்கெட் மைதானத்தை நினைத்துப் பாருங்கள், நம்ம நடராஜன் சின்னப்பம்பட்டியில் அமைத்த மைதானத்தை நினைத்துப் பாருங்கள். எழுபது மீட்டர் பவுண்டரி என்றால் மைதானம் மட்டும் ஏறத்தாழ 3.8 ஏக்கர். அந்த மாதிரி இடத்தில் நடந்து வெட்டச் சொல்வது அநியாயம். பெரிய காலேஜ், பெரிய கல்யாண மண்டபம், சமமான நிலம், சம்பளத்துக்குப் பழகிய டிரைவர், சொந்தமாக மெக்கானிக் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அப்போதும் மூன்று விஷயத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. தலைக்குப் பின்னால் வளைவுக் கம்பியும் சீட் பெல்ட்டும் இருக்க வேண்டும். ஆள் சீட்டில் இருந்து எழுந்தால் கத்தி நிற்க வேண்டும். ஹைட்ராலிக் ஆயிலும் ஃபில்டரும் மாற்றும்படி இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் அந்த யூனிட்டைச் சீல் வைத்துத் தருகிறார்கள், போனால் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

நான் சொன்னதில் அவனுக்கு வருத்தம் இருந்தது, குரலில் தெரிந்தது. பதினைந்து வருஷம் அங்கே வாடகை வீட்டில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்தார் புல் வெட்டும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, நமக்கும் ஒரு நாள் இப்படி என்று ஆசைப்பட்டிருக்கிறான். அந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். எனக்கும் ஒரு காலத்தில் புல்லட் ஆசை இருந்தது. வாங்கவும் செய்தேன். எங்கள் சந்தில் அதைத் திருப்ப முடியாமல் இரண்டு வருஷம் கழித்து விற்றேன். மெஷின் நல்லதுதான், சந்து சின்னது.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் போன் செய்தான். வண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "சித்தப்பா, மொதல்ல கெணத்துக்குச் செவுரு வெக்கறனுங்க. நாலடி போதுமுங்களா?" என்று கேட்டான். நாலரையாக வை, மேலே கம்பி வலையும் போட்டுவிடு என்றேன்.

நாற்பது சென்டா, அறுபது சென்டா என்பதில் இன்னும் இழுபறி நடக்கிறது. வருகிற ஞாயிறு டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போகிறேன். அண்ணனையும் கூட நடக்கச் சொல்லியிருக்கிறேன்.